“இஷ்யூ 1-க்கு நோ” என்று மட்டும் சொல்லாதீர்கள்: ஓஹியோ வாக்குச்சீட்டை விளக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் வாக்குச்சீட்டு தமிழில் வராது. அதனால் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் கொலம்பஸ் சுற்றுவட்டாரத்தில், புதிதாகக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களுக்கு அதை விளக்கிச் சொல்ல இளைஞர்கள் சிலர் முன்வருகிறார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் வந்த வேகத்திலேயே, இந்த வேலையை முதலில் தொடங்கியவர்கள் எந்தெந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தார்களோ அதே பள்ளங்களை ஒன்றுவிடாமல் தேடிப்போய் விழுகிறார்கள். பதிவுக்குக் கடைசித் தேதி, வாக்குச்சாவடி முகவரி என்பதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எண்ணை மனப்பாடம் செய்யவைப்பது

என் பொறுமையைச் சோதிக்கும் தவறு இதுதான். மற்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம். இது ஒருவரின் வாக்கை அவருக்கு எதிராகவே திருப்பிவிடும்.

ஓஹியோவில் மாநிலம் முழுவதற்குமான கேள்விகள் “இஷ்யூ” என்ற பெயரில் மக்கள் முன் வைக்கப்படும்போது, 2024 வரை ஒவ்வொரு தேர்தலிலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஒரு “இஷ்யூ 1” வந்தது. மாநில அரசியலமைப்பைத் திருத்தப் பாதிக்கு மேல் வாக்கு போதும் என்று 1912 முதல் இருந்த விதியை மாற்றி, 60% வேண்டும் என்றாக்குவது அதன் நோக்கம். சீட்டில் கருக்கலைப்பு என்ற சொல்லே கிடையாது. ஆனால் நவம்பரில் வரவிருந்த கருக்கலைப்பு உரிமைத் திருத்தத்துக்குத் தடுப்பணையாகத்தான் அது அவசரமாகக் கொண்டுவரப்பட்டது என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன. பெரும்பாலான ஆகஸ்ட் தேர்தல்களை நிறுத்திச் சட்டம் போட்ட அதே சட்டமன்றம், சில மாதங்களுக்குள் தன் தேவைக்கென ஓர் ஆகஸ்ட் தேர்தலை நடத்தியது. 57% பேர் “நோ” என்றார்கள்.

நவம்பர் 7 அன்று கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் வந்தது. அதன் எண்ணும் “இஷ்யூ 1”. அந்த உரிமை வேண்டும் என்பவர் ஆகஸ்டில் “நோ” போட்டிருக்க வேண்டும். நவம்பரில் “யெஸ்” போட வேண்டும். வேண்டாம் என்பவருக்கு நேர்மாறு. நவம்பரில் கிடைத்தது சுமார் 56.8%. பழைய விதிப்படி வெற்றி. ஆகஸ்ட் கேள்வி நிறைவேறியிருந்தால் அதே 56.8% தோல்வி.

அந்த நவம்பரில் தமிழ்ப் பள்ளி வாசலில், பேரனை அழைத்துப்போக வந்திருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் என்னைப் பார்த்ததும் உற்சாகமாகச் சொன்னார்: “தம்பி, முன்கூட்டியே வாக்களிக்கும் மையத்துக்குப் போய் வந்துவிட்டேன். இஷ்யூ ஒன்றுக்கு நோ.” பக்கத்தில் நின்ற அவர் மனைவி திரும்பிப் பார்த்தார். “அந்த உரிமை வேண்டும் என்றுதானே வீட்டில் பேசிக்கொண்டிருந்தீர்கள்?” என்றார். பொறியாளர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு தகவல்: “இஷ்யூ 1: நோ. மறக்காதீர்கள்! எல்லோருக்கும் அனுப்புங்கள்.” தேதி கிடையாது, எதற்கு நோ, ஏன் நோ என்றும் கிடையாது. ஆகஸ்டுக்காக யாரோ ஒரு தன்னார்வலர் எழுதியது, அக்டோபரில் இன்னொருவர் கையால் மறுபிறவி எடுத்திருந்தது. நேரில் போய் முன்கூட்டியே போட்ட வாக்கை மாற்ற வழியில்லை. அவர் ஒன்றும் பேசாமல் பேரனின் பையை வாங்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது எனக்குப் பொருட்டல்ல. இந்த விஷயத்தில் எங்கள் குழுவிலேயே இரண்டு கருத்து உண்டு. ஒரு மனிதர் தான் நினைத்ததற்கு எதிராக வாக்களித்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார், அதற்கு நம்மைப் போன்ற ஒருவர் காரணம் என்பதுதான் எரிச்சல். “மக்களுக்கு எளிமையாகச் சொன்னால்தான் புரியும்” என்று அந்தத் தகவலை எழுதியவர்கள் வாதாடுவார்கள். எண்ணும் விடையும் மட்டும் சொல்வதை விளக்கம் என்று நான் ஏற்க மாட்டேன். பரீட்சைக்குப் பிட்டு கொடுப்பது போன்ற வேலை அது. வினாத்தாள் மாறினால் பிட்டு கவிழ்த்துவிடும்.

வீட்டுத் தோட்டங்களில் நடும் பிரசாரப் பலகைகளை நம்பியும் பயனில்லை. ஆகஸ்டில் “யெஸ்” தரப்பு “நம் அரசியலமைப்பைக் காப்போம்” என்றது. நவம்பரில் “நோ” தரப்பு “பெண்களைக் காப்போம்” என்றது. காப்பதற்கு யார்தான் மறுப்பார்கள்? 2024 நவம்பரில் கூத்து உச்சத்துக்குப் போனது. தொகுதி எல்லைகளை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்துக் குடிமக்கள் ஆணையத்திடம் கொடுக்கலாமா என்பது கேள்வி. அதன் எண்? இஷ்யூ 1தான், வேறென்ன. கட்சிக்குச் சாதகமாக எல்லை வரைவதைத் தடுக்கவே இந்தத் திருத்தம் என்றார்கள் கொண்டுவந்தவர்கள். வாக்குச்சீட்டில் அச்சான சுருக்கமோ, அப்படிச் சாதகமாக வரைந்தே ஆக வேண்டிய ஆணையம் ஒன்றை இந்தத் திருத்தம் அமைக்கும் என்றது. அந்த வாசகத்தை மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அனுமதித்தது. இரு தரப்புப் பலகைகளும் ஒரே தீமையை ஒழிக்கப்போவதாகச் சொல்லின. சுமார் 54% பேர் “நோ” போட்டதில் திருத்தம் தோற்றது. குழம்பிப்போய்ப் போட்டவர்கள் அதில் எத்தனை பேர் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஓஹியோவின் சாபம் மட்டும் அல்ல இது. கான்சாஸில் 2022 ஆகஸ்ட் 2 அன்று, மாநில அரசியலமைப்பில் கருக்கலைப்பு உரிமை இல்லை என்று எழுதலாமா என்று கேட்டார்கள். அங்கே “நோ” போட்டவர்களே உரிமையைத் தக்கவைத்தவர்கள், சுமார் 59%. மிசௌரியில் 2024 இல் அந்த உரிமையை அரசியலமைப்பில் சேர்த்தது திருத்தம் 3. அதை நீக்கக் கேட்டுச் சட்டமன்றம் 2026 நவம்பர் தேர்தலுக்கு அனுப்பிய கேள்விக்கும் எண் 3. மிசௌரியின் செயின்ட் லூயிஸில் உறவினர் இருந்தால் அவர்கள் பழைய தகவல்களை அழித்துவிட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே எதை எழுதினாலும் தலையில் தேர்தல் தேதியைப் போடுங்கள். அடுத்து, இன்றைக்குச் சட்டம் என்ன. “யெஸ்” வென்றால் என்ன மாறும். “நோ” வென்றால் எது அப்படியே இருக்கும். எண் கடைசியில் வரட்டும். கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் மாதிரி வாக்குச்சீட்டு கிடைக்கும். சுருக்கத்தோடு நிற்காமல் திருத்தத்தின் முழு வாசகத்தையும் படியுங்கள். சுருக்கத்தை எழுதுவது திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் அல்ல, வேறு கை. வாக்காளரே தன் முடிவைத் தன் கையெழுத்தில் ஒரு சீட்டில் குறித்து உள்ளே எடுத்துப்போகட்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெரியவராக இருந்தால் தான் விரும்பும் ஒருவரை உதவிக்கு அழைத்துச்செல்ல மத்தியச் சட்டமே இடம் தருகிறது; வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது.

கட்சியை வைத்து முடிவை ஊகிப்பது

“டிரம்ப் வென்ற மாநிலம், அங்கே கருக்கலைப்பு உரிமை எப்படி நிறைவேறும்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2024 இல் மிசௌரியை டிரம்ப் சுமார் 18 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அதே நாள், அதே சீட்டில், கருக்கலைப்பு உரிமையும் வென்றது. மொன்டானாவில் உரிமைத் திருத்தம் சுமார் 58% பெற்றது. ஜனநாயகக் கட்சியின் செனட்டர் ஜான் டெஸ்டர் தோற்றார். சின்னத்துக்கு ஒரு மனம், கேள்விக்கு ஒரு மனம் என்று ஒரே வாக்காளர் பிரித்துப் போடுகிறார். நம் ஊரில் மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் மாற்றிப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஏன் வியப்பாக இருக்கிறதோ!

பாதிக்கு மேல் கிடைத்தால் போதும் என்று எல்லா மாநிலத்துக்கும் சொல்வது

ஃப்ளோரிடாவில் 2024 இல் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் சுமார் 57% பெற்றுத் தோற்றது. அங்கே 60% வேண்டும். அந்த 60% விதியே 2006 இல் சுமார் 58% வாக்கில்தான் நிறைவேறியது என்பது தனி வேடிக்கை. நெவாடாவில் மக்கள் மனுவாக வரும் அரசியலமைப்புத் திருத்தம் இரண்டு தேர்தல்களில் வெல்ல வேண்டும். கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 2024 இல் ஒருமுறை வென்றது, 2026 இல் மறுபடி வாக்கெடுப்பு. நெப்ராஸ்காவில் 2024 இல் ஒரே சீட்டில் கருக்கலைப்பு பற்றி எதிரெதிரான இரண்டு திருத்தங்கள் நின்றன. இரண்டும் நிறைவேறினால் ஆதரவு வாக்கு அதிகம் பெற்றதே செல்லும் என்பது அங்கே விதி. கடைசியில் கட்டுப்பாடு கேட்டது வென்றது, உரிமை கேட்டது மயிரிழையில் தோற்றது.

“டெக்சாஸில் ஏன் இன்னும் கருக்கலைப்பு வாக்கெடுப்பு வரவில்லை?”

அங்கே மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கேள்வி வைக்க முடியாது. சட்டமன்றம் வைத்தால் உண்டு.

பிரைமரியைக் கட்சிக்காரர் வேலை என்று ஒதுக்குவது

வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். இங்கே கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்தான் பிரைமரி. அது உட்கட்சி விவகாரம், நமக்கென்ன என்று பெரியவர்கள் நவம்பருக்காகக் காத்திருப்பார்கள். புதிய தன்னார்வலர்களும் “நவம்பரில் போட்டால் போதும், மாமா” என்று ஆமோதிக்கிறார்கள். போதாது. ஒரு கட்சிக்கே உரிய தொகுதியில் நவம்பர் வெறும் சடங்கு.

2018 ஜூனில் நியூயார்க்கின் 14வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதியில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ், ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர் ஜோ க்ரௌலியைப் பிரைமரியில் வீழ்த்தியபோது பெற்ற வாக்குகள் 17,000க்கும் சற்றுக் குறைவு. தொகுதியில் ஏழு லட்சம் பேர் வசிக்கிறார்கள். 2022 இல் மிச்சிகனின் டெட்ராய்ட் பகுதியில் உள்ள 13வது தொகுதியில் ஸ்ரீ தானேதார் ஒன்பது பேர் மோதிய பிரைமரியை சுமார் 28% வாக்கில் வென்றார். அத்தோடு காங்கிரஸ் இருக்கை உறுதியானது. டெக்சாஸ், ஜார்ஜியா போல மறுசுற்று வைக்கும் வழக்கம் மிச்சிகனில் இல்லை.

கலிஃபோர்னியாவில் கட்சி பாராமல் முதல் இரண்டு இடம் பெறுபவர்கள் நவம்பருக்குப் போகிறார்கள். தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூசை செய்த தேர்தலுக்கு முன்பே, 2016 இல் கமலா ஹாரிஸ் செனட்டரானது இப்படித்தான்: நவம்பரில் அவரை எதிர்த்த லொரெட்டா சான்செஸும் ஜனநாயகக் கட்சிக்காரர். அதே முறை கவிழ்த்தும் விடும். 2012 இல் சான் பெர்னார்டினோ பக்கத்து 31வது தொகுதியில் ஜனநாயகக் கட்சியினர் நான்கு பேர் நின்று வாக்கைச் சிதறடித்ததில், அந்தக் கட்சிக்குச் சாதகமான தொகுதியில் நவம்பரில் மிஞ்சியது இரண்டு குடியரசுக் கட்சி வேட்பாளர்கள்.

ஓஹியோவில் பதிவின்போது கட்சி கேட்பதில்லை. பிரைமரி நாளன்று எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள். வாங்கும் சீட்டு உங்கள் பெயரில் பதிவாகும். எந்தக் கட்சியும் வேண்டாம் என்றால் கேள்விகள் மட்டும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கலாம். இதைத் தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் பலர். கான்சாஸ் வாக்கெடுப்பே ஒரு பிரைமரி நாளில்தான் நடந்தது. எக்கட்சியும் சாராதவர்கள் அந்த ஒரு கேள்விக்காக வரிசையில் நின்றார்கள். பதிவான வாக்குகள் 9 லட்சத்துக்கும் மேல்.

தேர்தல் ஆணையத்தைத் தேடுவது

புகார் இருந்தால் தேர்தல் ஆணையத்துக்கு எழுதுங்கள் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தியாவில் இருப்பது போன்ற ஆணையம் இங்கே இல்லை. மத்தியத் தேர்தல் ஆணையம் கவனிப்பது பிரசாரப் பணத்தை. வாக்குச்சாவடியை நடத்துவது கவுன்ட்டி தேர்தல் வாரியம். ஓஹியோவில் இரு கட்சிக்கும் சம எண்ணிக்கையில் அதில் உறுப்பினர்கள். அதற்கு மேலே மாநிலத் தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலரே கட்சிச் சின்னத்தில் வென்று வருகிறவர். 2023 இல் அப்பதவியில் இருந்த ஃபிராங்க் லாரோஸ், ஆகஸ்ட் கேள்விக்கு ஆதரவாக ஊர் ஊராகப் பேசினார். நவம்பர் கேள்வியின் சுருக்கத்தை எழுதிய மாநில வாக்குச்சீட்டு வாரியத்துக்குத் தலைமை வகித்தார். அதே சமயம் அமெரிக்க செனட்டுக்கான பிரைமரியிலும் நின்றார். எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டே. புகாரைக் கவுன்ட்டி வாரியத்தில் தொடங்குங்கள்.

கிரீன் கார்டு உள்ளவரைப் பதிவு செய்யவைப்பது

கூடாது. அவர் இன்னும் குடிமகன் ஆகவில்லை. ஓட்டுநர் உரிமக் கவுன்ட்டரில் ஊழியர்களே கேட்டாலும் கூடாது.

பழைய உரிமத்தோடு அனுப்புவது

2023 முதல் ஓஹியோவில் நேரில் வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். குடிமகன் அல்லாதவர் என்ற குறிப்புள்ள உரிமம் வாக்களிக்கச் செல்லாது. புதிதாகக் குடியுரிமை பெற்றவர் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லட்டும்.

நீதிபதிகளை விட்டுவிடுவது

நீதிபதிக்கு வாக்களிப்பதா என்று நம்மவர்களுக்குக் கூச்சம். அந்தக் கட்டங்களை வெற்றாக விட்டுவிடுவார்கள். அரசியலமைப்பில் ஒரு வரி சேர்ந்தபின் அதற்குப் பொருள் சொல்கிறவர்கள் அவர்களே. விஸ்கான்சினில் மக்கள் மனு போட வழியே இல்லை. 2023 ஏப்ரலில் ஜேனட் ப்ரோட்டசேவிச் வென்ற உச்ச நீதிமன்றத் தேர்தலே கருக்கலைப்பு வாக்கெடுப்பு போல நடந்தது. கருக்கலைப்புத் தடையாகக் கருதப்பட்ட 1849 ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று அந்த நீதிமன்றம் 2025 ஜூலையில் 4க்கு 3 என்று தீர்ப்பளித்தது.

ஓஹியோ உச்ச நீதிமன்ற வேட்பாளர்களுக்கு 2022 முதல் நவம்பர் சீட்டில் கட்சிப் பெயர் அச்சாகிறது. கவுன்ட்டி நீதிமன்றங்களுக்கு அச்சாவதில்லை. கட்சி பார்த்தே போட்டுப் பழகியவர்கள் அங்கே வந்ததும் திகைத்து நிற்பார்கள். அந்தப் பெயர்களை மட்டும் வீட்டிலேயே தேடிப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பின்பக்கமும் ஒன்று இருக்கிறது, சீட்டைத் திருப்பச் சொல்லுங்கள்.