நாலாவது வீடும் ஒரு இரும்புப் படியும்
2021இல் சென்னைப் புறநகரில் நான்கு குடியிருப்புகள் கொண்ட வீடு கட்டினோம். 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி அப்போது 12 மீட்டர் உயரத்துக்குள் மூன்று குடியிருப்புகள் வரை பணி நிறைவுச் சான்றிதழ் (அனுமதி வாங்கிய வரைபடப்படிதான் கட்டியிருக்கிறது என்ற சான்று) தேவையில்லை. நாலாவது வீட்டால் மாட்டிக்கொண்டோம். சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடையாது. தற்காலிக இணைப்பின் கட்டணத்தைக் கேட்காதீர்கள்!

ஆய்வுக்கு வந்தவர் டேப்பை நீட்டியதும் குட்டு வெளிப்பட்டது. பக்கவாட்டில் காலியாக விடவேண்டிய இடத்தில், மேஸ்திரி "பின்னால உதவும் சார்" என்று வைத்த இரும்புப் படி. மழைநீர்க் குழாய் வரைபடத்தில் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போனது. நிஜத்தில் தெருவுக்குப் போனது.

சரி என்று வெல்டரை அழைத்துப் படியை அறுத்தோம். அப்புறம் குழி தோண்டி, உறை இறக்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிக் குழாயைத் திருப்பினோம். மூடும் முன் படம் எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. மறு ஆய்வு பத்து நிமிடத்தில் முடிந்தது.