நிகழ்தகவுப் பாடத்தில் நாணயம் சுண்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பயிற்சிக்காக எங்கள் பாடசாலைக்கு வரும் இளம் ஆசிரியர்களின் கணித பாடத்தைப் பின் வாங்கில் இருந்து பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. நிகழ்தகவு என்றதும் நாணயமும் தாயக்கட்டையுமாக உற்சாகத்தோடு வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் விட்ட அதே பிழைகள் திரும்பவும் நடக்கின்றன. வகுப்பு இரைவது, நாணயம் மேசைக்குக் கீழே உருளுவதெல்லாம் போகப்போகச் சரியாகும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகளின் பதிவைத் திருத்துவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான். தரம் 10 வகுப்பு ஒன்றில் சோடி சோடியாகப் பத்துத் தடவை சுண்டினார்கள். ஒரு பிள்ளை எழும்பி, "ஏழு தலை, மூன்று பூ, சேர்" என்றது. "பிழை, ஐந்துதான் வர வேண்டும், திரும்பச் சுண்டுங்கள்" என்றார் ஆசிரியர். அதைக் கேட்டதும் எனக்கு முன்னால் இருந்த பிள்ளை அழிறப்பரை எடுத்தது. 6 அழிந்து 5 ஆனது. கடைசியில் கரும்பலகை முழுக்க 5.

அந்த ஐந்துகளை நம்பவே முடியாது. கோடாத, அதாவது இரு பக்கமும் விழச் சம வாய்ப்புள்ள நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினால் கிடைக்கக்கூடிய 1024 பேறுகளில் சரியாக ஐந்து தலை வருபவை 252 மட்டுமே, கிட்டத்தட்ட நாலில் ஒன்று. ஏழுக்கு மூன்றாகவோ அதைவிடச் சாய்வாகவோ வருவது மூன்றில் ஒன்றுக்கும் சற்று அதிகம். ஒழுங்காகச் சுண்டி, கண்டதைச் சொன்ன பிள்ளைக்குத்தான் "பிழை" கிடைத்தது. விடையைப் பார்த்துவிட்டு அளவீட்டை எழுதும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. அப்புறம் அது உயர்தர பௌதிகவியல் செய்முறை வரைக்கும் போகிறது.

வந்ததை வந்தபடி எழுத விடுங்கள். 20 சோடிகள், சோடிக்கு 20 தடவை என்றால் மொத்தம் 400. ஒவ்வொரு சோடியின் பதிவும் சேரச் சேர, தலையின் சார்பு மீடிறனை, அதாவது அதுவரை சுண்டியதில் தலை விழுந்த பங்கை, வரைபில் குறியுங்கள். முதலில் ஏறி இறங்கும், பிறகு 0.5க்குக் கிட்ட அடங்கும். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஜோன் கெரிச் என்ற கணிதர் 10,000 தடவை சுண்டினார். வந்தது 5,067 தலை. சரிபாதியிலிருந்து 67 விலகல், ஆனால் விகிதம் 0.5067. எண்ணிக்கை விலகினாலும் விகிதம் நெருங்கும் என்பதுதான் பாடம். ஐந்தாகத் திருத்தினால் அதைக் காட்டவே முடியாது.

இட்டுக்கட்டிய பதிவு என்று சந்தேகம் வந்தால் வரிசையைப் பாருங்கள். 20 தடவையில் ஒரே பக்கம் தொடர்ந்து நாலோ அதற்கு மேலோ வருவதற்கு நாலில் மூன்று பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு. மனதால் எழுதுபவர்கள் அப்படி எழுதத் தயங்குவார்கள்.

எது தலை?

நம் நாணயங்களில் அரச இலச்சினையும் பெறுமதியும்தான். எந்தப் பக்கத்தைத் தலை என்பது என்று சுண்டுவதற்கு முன்பே பேசி வையுங்கள்.

இரண்டு நாணயத்துக்கு மூன்று பேறு

இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ. ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/3 என்பார்கள். டலம்பேர் போன்ற பெரிய கணிதரே 18ஆம் நூற்றாண்டில் இதைப் போன்ற எண்ணலில் தடுக்கினார். ஒரே மாதிரி இரண்டு நாணயம் கொடுக்காமல் ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் கொடுங்கள். ஐந்தில் தலை, பத்தில் பூ விழுவதும் அதன் மறுதலையும் வேறு வேறு என்று கண்ணுக்கே தெரியும்.

பையைக் குலுக்காமல் எடுப்பது

பையிலிருந்து பார்க்காமல் மணி எடுக்கும் சோதனையில் முதலில் பையைக் குலுக்குங்கள். மணிகளும் ஒரே அளவாக இருக்கட்டும்.

சோகியை மறப்பது

நாணயத்துக்கும் தாயக்கட்டைக்கும் விடை முன்பே தெரியும். அதனால்தான் அழிறப்பர் வெளியே வருகிறது. ஒரு சோகி (சோழி) மல்லாந்து விழுமா, குப்புற விழுமா என்பதற்குப் புத்தகத்தில் விடை இல்லை, எறிந்துதான் பார்க்க வேண்டும். சோகிக்குச் சோகி விடையும் மாறலாம் என்பதால் பக்கத்து வாங்கைப் பார்த்து எழுதிப் பயனில்லை. முதல் பாடத்தைச் சோகியில் தொடங்குங்கள், நாணயம் அடுத்த பாடத்துக்கு இருக்கட்டும்.