புதுக் காதுக் கருவி: முதல் மூன்று கிழமை

புதிதாக வாங்கிய கருவி ஒரு மாதத்துக்குள் லாச்சிக்குள் போய்ச் சேர்வது எங்கள் வீடுகளில் சாதாரணம். கருவி பழுது என்பார்கள். அனேகமாகப் பழுது இருக்காது; மாட்டிய விதமும் பழகிய அவசரமும்தான் காரணம். இங்கே சொல்வது காதுக்குப் பின்னால் மாட்டும், பற்றரி மாற்றும் வகைக்கு.

பற்றரி

பற்றரியின் மேல் இருக்கும் ஒட்டின் நிறம்தான் அதன் அளவைச் சொல்லும்: 10 மஞ்சள், 312 மண்ணிறம், 13 செம்மஞ்சள், 675 நீலம். இவை காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும் பற்றரிகள். ஒட்டை உரித்ததும் கருவிக்குள் போட்டு மூடாமல் இரண்டு மூன்று நிமிடம் வெளியே வையுங்கள். உடனே மூடினால் போதிய காற்றுப் போகாது, புதுப் பற்றரியும் செத்தது போலக் கிடக்கும். உரித்த ஒட்டைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கவேண்டாம்.

மாட்டுவதும் ‘கீ’ என்ற சத்தமும்

சிவப்புக் குறி வலக்காது, நீலம் இடக்காது. பலர் தடுக்கி விழுவது அடுத்ததில்.

ஒரு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துப் பிடியுங்கள், துவாரம் நேராகும். மற்றக் கையால், காதுக்குள் அமரும் துண்டான அச்சின் கூரான பகுதியை உள்ளே விட்டு, பிறகு மேல்நுனியைக் காதுமடலின் மடிப்புக்குள் செருகவேண்டும். அந்த மேல்நுனியை மறந்துவிடுகிறார்கள். அது வெளியே நின்றால் அச்சு முழுதாக அமராது. இடைவெளியால் கசிகிற சத்தத்தை மைக் திரும்பப் பிடித்து இன்னும் பெருப்பிக்கும், அதுதான் ‘கீ’.

விரலால் அச்சை மெல்ல அமத்திப் பாருங்கள். ‘கீ’ நின்றால் அச்சு சரியாக அமரவில்லை. கழற்றித் திரும்ப மாட்டுங்கள். நிற்காவிட்டால் அச்சையும் கருவியையும் இணைக்கும் குழாயைப் பாருங்கள். மஞ்சளடித்து விறைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றவேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அதுவும் இல்லையென்றால் காதுக்குள் குறும்பி அடைத்திருக்கலாம். பஞ்சுக்குச்சியால் தோண்டினால் இன்னும் உள்ளே போகும். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டி எடுப்பியுங்கள். சத்தத்தைக் குறைத்து ‘கீ’யை அடக்குவது மட்டும் வேண்டாம். அதோடு பேச்சும் போய்விடும்.

யாராவது கட்டிப்பிடிக்கும்போதோ காதைக் கையால் பொத்தும்போதோ கீச்சிட்டால் அது பழுதல்ல.

பழகுவது

முதல் மூன்று நாள், காலையில் இரண்டு மணித்தியாலம். விறாந்தையில் ஒரே ஒருவரோடு, முகம் பார்த்து, ஒன்றரை மீற்றருக்குள் இருந்து கதையுங்கள். வீட்டாரும் கத்தக்கூடாது, கத்தினால் சொல் உருக்குலையும். திருவலைச் சத்தம், குசினிச் சட்டி, பனையோலை உரசல் எல்லாம் குத்தும். நெடுநாள் கேட்காமல் விட்ட கூர்மையான ஒலிகளை மூளை திரும்பப் பழகுவதற்குக் காலம் வேண்டும்.

கிழமை முடிய நாலு மணித்தியாலம், ரிவியும் சேர்த்து. இரண்டாம் கிழமை ஆறு முதல் எட்டு, சாப்பாட்டு மேசையில் மூன்று பேரோடு. மூன்றாம் கிழமை நித்திரையும் குளிப்பும் தவிர முழுநாள். திருநெல்வேலிச் சந்தையும் நல்லூர்த் திருவிழாவும் கடைசிக்கு. நல்ல காதுக்காரரே அங்கே ‘என்ன, என்ன’ என்று கேட்கிறார்கள்.

சொந்தக் குரல் குடத்துக்குள் கதைப்பது போல இருக்கும். தினமும் பத்து நிமிடம் பத்திரிகையை உரத்து வாசியுங்கள். மூன்று கிழமைக்குப் பிறகும் அப்படியே என்றால் அச்சின் காற்றுத் துளையைப் பெரிதாக்கலாமா என்று கருவி தந்த இடத்தில் கேளுங்கள்.

போனைக் காதுத் துவாரத்தில் வைக்கவேண்டாம். மைக் இருப்பது காதுக்கு மேலே. போனின் ஸ்பீக்கரை அங்கே பிடியுங்கள்.

ஈரம்

எங்கள் வியர்வைக்கும் மாரிக்கும் சிலிக்கா ஜெல் போட்ட, இறுக மூடும் சிறு போத்தலே போதும். மின்சார உலர்த்தியை நான் பெரிதாக நம்புவதில்லை, கரண்ட் போனால் அது வெறும் பெட்டி. இரவில் பற்றரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுக் கருவியை மட்டும் போத்தலுக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் பற்றரியும் காய்ந்துபோகும். அரிசிக்குள் புதைக்கவேண்டாம்; மாவுத்தூள் மைக் துளையை அடைக்கும். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் பவுடர் போடும்போதும் கழற்றிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

தீர்ந்த பற்றரியும் ஆபத்தா என்று பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து கேட்டிருந்தார்கள். ஆபத்துத்தான். குழந்தை விழுங்கியது போலச் சந்தேகம் என்றாலே தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. கருவி தந்தவர்களிடம் திரும்பச் சரிசெய்யப் போகும்போது ‘இரையுது’ என்று மட்டும் சொன்னால் அவர்களால் எதையும் திருத்த முடியாது. ‘பாத்திரச் சத்தம் குத்துது, பேத்தியின்ர கதை மட்டும் விளங்கேல்லை’ என்று துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.