மூட்டு வலி ஆய்வில் சேர்வதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று காலமெல்லாம் குனிந்தும் குத்தவைத்தும் உழைத்த டெல்டாக்காரர்களுக்கு முழங்கால் தேய்மானம் புதிதல்ல. தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ வைத்தியத்துக்குப் போகும்போது, "ஒரு மருந்து ஆய்வு நடக்குது, சேர்றீங்களா?" என்று யாராவது கேட்கலாம். சேர்வது நல்ல காரியம்தான். மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கு இன்று கிடைக்கும் மருந்துகள் பலவும், முன்பின் தெரியாத பலர் இப்படி முன்வந்ததால் நமக்குக் கிடைத்தவை.

ஆனால் ஆய்வை இலவச வைத்தியம் என்று நினைத்துப் போகாதீர்கள். பல ஆய்வுகளில் யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து, யாருக்கு மருந்தே இல்லாத மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்வார்கள். மருத்துவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட ஆய்வில் "உங்களுக்குப் புது மருந்துதான்" என்று ஒருவர் உறுதி சொன்னால் உஷாராகுங்கள்.

"டாக்டரே சொல்றார்" என்று உடனே கையெழுத்துப் போடுவதும் தவறு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். படிவத்தின் நகல் உங்கள் உரிமை. மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். அந்தப் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு மறைப்பது. மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை, நாட்டு மருந்து, லேபிள் இல்லாத பொட்டலப் பொடி எதையும் விடாமல் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. நெடுநாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினாலே ஆபத்து. ஆய்வு மருந்தும் வலி மாத்திரை வகையாக இருந்து, நீங்களும் தெரியாமல் ஒன்று போட்டுக்கொண்டால் வயிற்றில் ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள் அது வாரம் ஒருமுறைதான் என்பதையும் சொல்லிவிடுங்கள். தினசரி மாத்திரைகளோடு கலந்துபோனால் உயிருக்கே ஆபத்து.

வலியை மறைப்பதும் இதில் சேர்த்திதான். பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் கேட்பார்கள். டாக்டர் மனசு நோகக்கூடாதே என்று "பரவால்ல சார்" என்று குறைத்துச் சொல்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அந்த எண்ணை நம்பித்தான் மருந்து வேலை செய்கிறதா என்று முடிவெடுப்பார்கள். வலி எட்டு என்றால் எட்டு என்றே சொல்லுங்கள்.

வரவேண்டிய தேதிகளை முதலிலேயே வாங்கிப் பாருங்கள். சம்பா நடவோ ஐப்பசி மழையோ குறுக்கிடுமானால் அப்போதே பேசுங்கள், பஸ் செலவு யார் தருவார்கள் என்பதையும் சேர்த்து. மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்காமல் திருப்பித் தாருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக்கூடாது. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். காய்ச்சல், கறுப்பு மலம், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள். புது மருந்து ஆய்வில் உடலுக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும், அது ஆய்வால் வந்ததென்றால் இழப்பீடும் தரவேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், ஆய்வில் சேர்ந்தவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழு ஒன்று உண்டு, படிவத்தில் இருக்கும் அதன் தொலைபேசி எண்ணுக்கு நேரடியாகவே பேசலாம்.