அகதி நேர்காணலுக்குத் தயாராவது எப்படி: ஒரு மொழிபெயர்ப்பாளர் சொல்வது

அகதிக் கோரிக்கை நேர்காணல்களில் அதிகாரிக்கும் விண்ணப்பதாரருக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவள் நான். ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்வது மட்டும்தான் என் வேலை. காத்திருக்கும் இடத்தில் "அக்கா, இதைச் சொல்லட்டோ, விடட்டோ?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லக் கூடாது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இதைப் படித்தாலும் வழக்கறிஞரைப் பார்க்காமல் இருக்காதீர்கள். அவரிடம் போவதற்கு முன்னும், நேர்காணலுக்கு முந்தைய நாட்களிலும் நீங்களே செய்ய வேண்டியவை இவை.

அதிகாரி எதைத் தேடுகிறார் என்பது முதலில் தெரிய வேண்டும். 1951 அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், நாட்டுரிமை, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து. இவற்றில் ஒன்றின் பேரில் துன்புறுத்தப்படுவீர்கள் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். பட்ட துன்பம் எவ்வளவு பெரிது என்பதோடு, அது ஏன் உங்கள் மேல் வந்தது என்பதும் கேட்கப்படும். அரசியலே பேசாதவராக இருந்தாலும், நீங்கள் இன்ன கட்சி, இன்ன இயக்கம் என்று துன்புறுத்தியவர்கள் நினைத்துத் துரத்தியிருந்தால் அதுவும் அரசியல் கருத்துக்குள் வரும். இதைத் தெரியாமல் "நான் ஒரு கட்சியிலும் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். "இல்லை, ஆனால் அவர்கள் அப்படி நினைத்தார்கள், இதனால் நினைத்தார்கள்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள் அநேகமாக வரும். ஏன் பொலீசிடம் போகவில்லை? உங்கள் நாட்டிலேயே வேறு ஊருக்குப் போயிருக்கலாமே? துன்புறுத்தியவர் அரசாங்க ஆளாக இல்லாதபோது முதலாவது கேள்விதான் கேஸின் அடித்தளம். போனீர்கள் என்றால் என்ன நடந்தது, போகவில்லை என்றால் எதற்குப் பயந்தீர்கள் என்பதை யோசித்து வையுங்கள். நடந்து முடிந்ததோடும் நிறுத்த வேண்டாம். இன்று திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதே முடிவைத் தீர்மானிக்கும்.

இனி எழுதும் வேலை. ஒரு கொப்பியில் உங்கள் கையாலேயே, உங்கள் சொல்லிலேயே, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் ஊகித்து எழுத வேண்டாம். "மழைக்காலம், மகளுக்கு அப்போது இரண்டு வயது, கோயில் திருவிழாவுக்குப் பிறகு" என்று நினைவில் இருப்பதை எழுதினால் போதும். ஊகித்துச் சொன்ன தேதி பதிவில் உறுதியான தேதியாகிவிடும். அடுத்த முறை வேறு தேதி சொன்னால் முரண்பாடு என்பார்கள். உறவுமுறையையும் தெளிவாக எழுதுங்கள்: அண்ணன் என்றால் உடன்பிறந்தவரா, பெரியப்பா மகனா? கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் முதல் படிவத்திலேயே குறிப்பிடுங்கள், பிரிந்திருந்தாலும், எங்கே என்று தெரியாவிட்டாலும். பல நாடுகளில் முதலில் சொல்லாத பிள்ளையைப் பின்னால் அழைத்துக்கொள்வது பெரும்பாடு.

"கேஸ் எழுதித் தாறன்" என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். வாங்கின கதை மூன்றாவது கேள்வியில் நின்றுவிடும். அறை எப்படி இருந்தது, கதவு எந்தப் பக்கம், சாப்பாடு யார் தந்தது என்று கேட்கத் தொடங்கினால், அங்கே இருந்தவருக்குத்தான் பதில் வரும். அதைவிடக் கொடுமை, உங்களுடைய உண்மைக் கதை இரவல் கதையைவிடப் பலமாக இருந்திருக்கலாம். முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு அதைச் சொன்னால் நம்ப வைப்பது மிகக் கடினம். வந்த பாதையையும் மறைக்காதீர்கள். ஐரோப்பாவில் யூரோடாக் என்ற கைரேகைத் தரவுத்தளம் 2003இலிருந்து இயங்குகிறது. வழியில் எந்த நாட்டில் ரேகை வைத்தீர்கள் என்பது அவர்கள் திரையில் தெரியும். விசா இல்லாமல் நுழைந்ததைச் சொல்லப் பயப்படுபவர்கள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தம்மை ஒப்படைத்துக் காரணமும் காட்டுபவர்களைச் சட்டவிரோத நுழைவுக்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது அது.

சித்திரவதைக் காயம் இருந்தால், "தழும்பு இருக்கிறது" என்று மட்டும் எழுதிய மருத்துவக் கடிதம் அதிகம் உதவாது. ஐ.நா. வெளியிட்ட இஸ்தான்புல் நெறிமுறை என்ற வழிகாட்டி இருக்கிறது. நீங்கள் சொல்லும் காரணத்தோடு ஒவ்வொரு தழும்பும் எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் படிப்படியாகத் தரப்படுத்தச் சொல்கிறது அது. அதன்படி எழுதத் தெரிந்த மருத்துவரைத் தேடித் தரும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள். மற்ற ஆவணங்களின் மூலத்தைக் கையில் வைத்திருங்கள், அதை ஒப்படைக்க நேர்ந்தால் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், ஊரிலிருந்து தபாலில் வந்தால் உறையையும் சேர்த்து வையுங்கள். போலிக் கடிதம் ஒன்று போதும், மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்க வைக்க.

நேர்காணல் நாள். என்னைப் போன்றவர் உங்கள் சொல்லை மாற்ற மாட்டார், உங்களுக்காக வாதாடவும் மாட்டார். முதல் ஐந்து நிமிடத்திலேயே அவருடைய தமிழ் உங்களுக்குப் புரிகிறதா, உங்களுடையது அவருக்குப் புரிகிறதா என்று கவனியுங்கள். புரியவில்லை என்றால் அப்போதே சொல்லுங்கள். எனக்குக் கோபம் வராது, வரவும் கூடாது. அவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தாலோ, அவர் முன்னால் பேசப் பயமாக இருந்தாலோ அதையும் சொல்லலாம். பெண்ணுக்குப் பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று பல நாடுகளில் முன்கூட்டியே கேட்க முடியும். பாலியல் வன்முறை நடந்திருந்தால் வெட்கத்தில் விழுங்காதீர்கள். அறையிலேயே சொல்ல முடியாவிட்டால் வழக்கறிஞரிடம் எழுதிக் கொடுத்து முன்பே அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று வாக்கியம் பேசி நிறுத்துங்கள். பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால் நான் குறிப்பெடுத்தாலும் ஏதாவது தவறும். கேள்வி புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள். தெரியாததற்குத் "தெரியாது" என்பதும், மறந்ததற்கு "நினைவில்லை" என்பதும் நல்ல பதில்கள். கண்ணால் பார்த்தது எது, அம்மா சொல்லிக் கேள்விப்பட்டது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். அழுகை வந்தால், தலை சுற்றினால் இடைவேளை கேளுங்கள். அடிபட்டவர்களின் நினைவு வரிசையாக வராது. "இதை முன்னால் சொல்ல மறந்துவிட்டேன்" என்று திரும்பிப் போய்ச் சொல்லத் தயங்க வேண்டாம்.

நான் அதிகம் வற்புறுத்துவது கடைசி அரை மணியைத்தான். எல்லோரும் களைத்திருப்போம், வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும். பதிவைத் திருப்பி வாசித்துக் காட்டும் நாடுகளில் அந்த நேரத்தில்தான் பலர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைக்கிறார்கள். வைக்காதீர்கள். ஒவ்வொரு வரியையும் கேளுங்கள். "ஐந்து பேர்" என்று நீங்கள் சொன்னது "ஏழு" என்று விழுந்திருந்தால், அல்லது ஊரின் பெயர் மாறியிருந்தால், அப்போதே திருத்தச் சொல்லுங்கள். நிராகரிப்புக் கடிதத்தில் மேற்கோள் காட்டப்போவது அந்தத் தாளைத்தான். வாசித்துக் காட்டும் வழக்கம் இல்லாவிட்டால் பதிவின் பிரதியையும் ஒலிப்பதிவையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்து படித்ததும் பிழை கண்டால் அன்றே வழக்கறிஞருக்கு எழுதுங்கள்.

விலாசம் மாறினால் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, தெரிவித்ததற்குச் சான்றும் வையுங்கள். நிராகரிப்பு வந்தால் மேன்முறையீட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள் அல்லது சில வாரங்கள்தான், பழைய விலாசத்தில் கடிதம் கிடந்தாலும் அந்தக் கணக்கு ஓடலாம். கடிதம் கைக்கு வந்ததும் உறையில் உள்ள தேதியையும் கடிதத்தில் உள்ள தேதியையும் படமெடுத்து, அதே நாளில் வழக்கறிஞருக்கு அனுப்புங்கள்.