கார்டு போன ஸ்க்ரோலிங் போர்டைத் தூக்கிப் போடாதீர்கள்

மருந்துக்கடை, மொபைல் கடை வாசலில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருக்குமே, அந்த ஸ்க்ரோலிங் போர்டு மாதிரி அநியாயமாகக் குப்பைக்குப் போகிற சாமான் வேறில்லை. என் சர்வீஸ் கடைக்கு வருகிறவற்றில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கண்ட்ரோல் கார்டுதான் செத்திருக்கும். இல்லாவிட்டால் அதன் பாஸ்வேர்டு தெரிந்த ஆள் கடையை விட்டுப் போயிருப்பார். எல்இடி பேனலும் பவர் சப்ளையும் நன்றாகவே இருக்கும். கார்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு ஆர்டுயினோ ஊனோ ஆர்3-ஐ, அதாவது நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய ஒரு சின்ன சர்க்யூட் போர்டை, வைத்துவிடலாம்.

முதலில் பேனலை அளந்து பாருங்கள். 32 செ.மீ. நீளம், 16 செ.மீ. உயரம், குறுக்கே 32 புள்ளி, மேலிருந்து கீழே 16 புள்ளி என்றால் அது பி10. புள்ளிக்குப் புள்ளி 10 மி.மீ. இடைவெளி, அதனால்தான் அந்தப் பெயர். நான் சொல்வது ஒற்றை நிறப் பேனலுக்கு மட்டும். பல நிறப் பேனலுக்கு வயரிங்கே வேறு.

எஸ்எம்பிஎஸ், அதாவது பேனலுக்கு 5 வோல்ட் தரும் அந்த பவர் சப்ளையின் ஒரு ஓரத்தில் 230 வோல்ட் திறந்தபடி இருக்கும். பிளக்கைப் பிடுங்காமல் அதன் பக்கம் கை கொண்டுபோகாதீர்கள். பேனல் முழுக்க எரிந்தால் ஒன்றே சில ஆம்பியர் இழுக்கும், எனவே ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து பேனலுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. பேனலுக்கு எஸ்எம்பிஎஸ், ஊனோவுக்கு யுஎஸ்பி. இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். அது விட்டுப்போனால் கன்னாபின்னாவென்று மின்னும்.

பேனலின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு 16 பின் சாக்கெட் இருக்கும். அம்புக்குறி எந்தச் சாக்கெட்டில் தொடங்குகிறதோ அதில்தான் சிக்னல் உள்ளே போகும். அதில் ஏ பின்னை ஊனோவின் 6-க்கும், பி-யை 7-க்கும், எஸ்சிஎல்கே-யை 8-க்கும், ஓஇ-யை 9-க்கும், ஆர்-ஐ 11-க்கும், சிஎல்கே-யை 13-க்கும் கொடுங்கள். இந்தப் பேனலை ஓட்டுவதற்கென்றே எழுதிவைத்த நிரல் தொகுப்பான ஃப்ரீட்ரானிக்ஸின் டிஎம்டி லைப்ரரி இந்த எண்களைத்தான் எதிர்பார்க்கிறது. கூடவே டைமர்ஒன் லைப்ரரியும் வேண்டும். டிஎம்டியின் மாதிரி நிரலில், பேனலைப் புதுப்பிக்கும் டைமர் 5000 மைக்ரோ செகண்டு என்று இருக்கும். பேனல் ஒரே நேரத்தில் முழுதும் எரியாமல், நாலு வரிக்கு ஒரு வரியாக நான்கு தவணையில் எரிவதால் ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்டு, அதாவது செகண்டுக்கு 50 சுற்றுதான். மினுக்குவது கண்ணை உறுத்தினால் 5000-ஐ 2000 ஆக்கிப் பாருங்கள்.

மாதிரி நிரலை ஏற்றி ஓடவிட்டால் பேனலில் பழுது இருக்கிறதா என்று இப்போது தெரியும். 8-க்கு 4 புள்ளி அளவில் ஒரு கட்டம் மட்டும் இருண்டிருந்தால் பின்னால் இருக்கும் சிப்புகளில், புள்ளிகளை ஓட்டும் ஒரு 595 ஐசி போயிருக்கிறது. நாலு வரிக்கு ஒரு வரி பேனல் முழுக்க எரியவில்லையென்றால் வரிகளுக்குக் கரண்ட் விடும் 4953 ஐசியையோ, எந்த வரி என்று தேர்ந்தெடுக்கும் 138-ஐயோ பாருங்கள். ஒரு பேனலுக்கு அப்புறம் வரிசையாக எல்லாமே இருட்டு என்றால் ஐசியைத் தொடாதீர்கள், முதலில் இரண்டு பேனலை இணைக்கும் ரிப்பன் கேபிளை மாற்றுங்கள்.

இனி தமிழ். லைப்ரரியோடு வரும் எழுத்துருக்கள் ஆங்கிலத்துக்கு மட்டுமே. நாமே தமிழுக்கு எழுத்துரு செய்யலாம் என்று இறங்கினால், ‘போ’வுக்குக் கொம்பு முன்னால், கால் பின்னால் என்று ஒவ்வொன்றுக்கும் நிரல் எழுதித் தீராது. என்னைக் கேட்டால், வாக்கியம் முழுவதையும் படமாக்கிவிடுவதே புத்திசாலித்தனம். கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் 16 பிக்சல் உயரத்தில் ஒரு தாள் திறந்து, எழுத்தின் ஓரத்தைச் சாம்பல் நிறத்தால் மழுப்பும் ஆன்டி-ஏலியாசிங்கை அணைத்துவிட்டு, மெல்லிய எழுத்துருவில் அடியுங்கள். ‘ணி’, ‘ஞி’ போன்றவற்றில் சுழி அடைத்துக்கொள்ளும். அங்கே மட்டும் பென்சில் கருவியால் ஒன்றிரண்டு புள்ளியை அழித்தால் வாசிக்க வரும். அந்தப் படத்தை ‘இமேஜ்2சிபிபி’ என்ற இணையக் கருவியில் போட்டால் எண் வரிசையாகத் தரும். 160 புள்ளி அகல வாக்கியத்துக்கு 320 பைட்தான் ஆகும். ஊனோவின் ராம் 2 கேபி மட்டுமே, ஆகவே அந்த எண் வரிசையை நிரலில் ப்ரோக்மெம் (PROGMEM) என்று குறித்து 32 கேபி ஃபிளாஷிலேயே வைத்துவிடுங்கள். அப்புறம் ரைட்பிக்சல் கட்டளையால் ஒவ்வொரு புள்ளியாக வரைந்து, ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி இடப்பக்கம் தள்ளினால் எழுத்து ஓடும்.

ஊனோவின் ஏ4, ஏ5 பின்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கும். அதில் ஒரு டிஎஸ்3231 கடிகார மாட்யூலைக் கோத்துவிடுங்கள். என் கடைப் போர்டு பகலில் மணி காட்டுகிறது, இரவு ஒன்பதுக்கு மேல் ‘நாளை வாருங்கள்’ என்று ஓடுகிறது.