கேன் பானத்தில் கன உலோகம்: கண்ணால் பார்க்க வேண்டியதும் கணக்கிட வேண்டியதும்

கேனில் அடைத்த பானத்தில் ஈயமோ காட்மியமோ கலந்திருந்தால் நாக்கு அதைக் காட்டிக்கொடுக்காது. நிறம் மாறாது, வாடை வராது. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவது நல்ல பழக்கமே என்றாலும் அது பாதி வேலைதான். மீதியை, குடிக்கும் அளவைக் கணக்கிட்டே கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

உலோகம் எல்லாம் கேனிலிருந்தே வருகிறது என்று எண்ணுவோர் பலர். இன்றைய அலுமினியக் கேன்களின் உட்புறத்தில், பானம் உலோகத்தை நேரடியாகத் தொடாதபடி மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. ஈயமும் ஆர்செனிக்கும் பழம் விளைந்த மண், ஆலையில் பயன்படுத்திய தண்ணீர், ஈயம் கலந்த பித்தளை இணைப்புகள் ஆகியவற்றின் வழியாக, கேனுக்குள் அடைபடும் முன்பே பானத்தில் சேர்ந்துவிடக்கூடும். அதனால் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாறிவிட்டால் கவலை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது.

வாங்கும்போது முதலில் கேனின் மேல், கீழ் விளிம்புகளையும், பக்கவாட்டு இணைப்புக் கோடு இருந்தால் அதையும் விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் இருக்கும் சிறு நசுங்கலைவிட விளிம்பில் உள்ள நசுங்கல் மோசமானது. அங்கே உட்பூச்சு விரிசல் விட்டு, புளிப்பான பானம் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். உப்பியது, கசிவது, துரு ஏறியது எதையும் எடுக்க வேண்டாம். பழைய முறையில் செய்த தகர டின்களில் பக்கவாட்டு இணைப்பை ஈயம் கலந்த பற்றாசால் (உருக்கி ஊற்றி ஒட்டும் உலோகக் கலவை, சால்டர்) அடைத்தார்கள். அமெரிக்காவில் 1995-இல் இது தடை செய்யப்பட்டது. இணைப்பின் மேல் அகலமாக, மங்கிய வெள்ளி நிறத்தில் உலோகம் வழிந்து படிந்திருந்தால் அது பற்றாசாக இருக்கலாம் என்பதால் அந்த டின்னை ஒதுக்கிவிடுங்கள். பற்றாசு இல்லாமல் வெல்டிங் செய்த இணைப்பு குறுகலாகவும் தட்டையாகவும், ஓரத்தில் மெல்லிய கருங்கோட்டுடனும் இருக்கும்.

அன்னாசிச் சாறு போன்றவை சில நேரம் உட்பூச்சு இல்லாத, வெள்ளீயம் (ஈயம் அல்ல, டின் என்னும் வேறு உலோகம்) பூசிய டின்னில் வருகின்றன. நிறமும் சுவையும் கெடாமல் இருக்க வெள்ளீயமே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொடுக்கிறது. திறந்தவுடன் காற்று புகுந்து இந்தக் கரைதல் வேகமெடுக்கும். ஒருமுறை மிச்சச் சாற்றை டின்னோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த நாள் காலியாக்கி உள்ளே பார்த்தேன்: சாறு நின்ற மட்டம் வரை பளபளப்புப் போய், இறகு விரித்தாற்போல் சாம்பல் நிறக் கோலம் படர்ந்திருந்தது. டின் பானங்களில் வெள்ளீயத்துக்குக் கோடெக்ஸ் உணவுத் தர அமைப்பு வகுத்த உச்ச வரம்பு கிலோவுக்கு 150 மில்லிகிராம்; அதை மிஞ்சினால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரக்கூடும். திறந்ததும் மிச்சத்தைக் கண்ணாடிக் கலத்துக்கு மாற்றிவிடுங்கள். கேன்களை வெயிலிலும் வண்டிக்குள்ளும் நாள்கணக்கில் போட்டுவைக்காதீர்கள்; வெப்பம் அரிப்பை விரைவுபடுத்தும்.

இனிக் கணக்கு. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதே அளவு ஈயம் உள்ள 330 மில்லி கேன் ஒன்றைக் குடித்தால் 3.3 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. உணவின் வழி குழந்தைக்குச் சேரும் ஈயத்தை மதிப்பிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் அளவுகோல் நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம்தான். பெரும்பாலான பழச்சாறுகளுக்குக் கோடெக்ஸ் அனுமதிக்கும் வரம்போ கிலோவுக்கு 0.03 மில்லிகிராம், அதாவது ஒரு கேனுக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம். சட்டப்படி சரியான பானமும் தினமும் குடிக்கும் குழந்தைக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பதை இந்த எண்களே சொல்கின்றன. ஆகவே குழந்தைகளுக்குக் கேன் சாற்றைத் தினசரிப் பழக்கமாக்காதீர்கள்; பெற்றோரிடம் நான் வற்புறுத்திக் கேட்டுக்கொள்வது இதைத்தான். ஒரே பானத்தையே நாள்தோறும் குடிப்பதைப் பெரியவர்களும் தவிர்ப்பது நல்லது.

சிறு குழந்தையின் உடல் பெரியவரைவிட 4 முதல் 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெறும் வயிறும், இரும்பு, சுண்ணாம்புச் சத்துக் குறைவும் அதை இன்னும் கூட்டும் என்பதால், கொடுப்பதானால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கினால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் வரைகூட ஆகும்.

ஒரு பானத்தின் மீது சந்தேகம் எழுந்தால் அதே பேட்ச் எண் கொண்ட, திறக்காத கேன் ஒன்றைப் பத்திரப்படுத்தி, ரசீதோடு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் கொடுங்கள். திறந்த கேனில் உலோகம் பிறகு சேர்ந்தது என்று சொல்ல இடமுண்டு. தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஐசிபி-எம்எஸ் (மிகச் சிறு அளவு உலோகத்தையும் அளக்கும் கருவி) முறையில் ஈயம், காட்மியம், ஆர்செனிக், வெள்ளீயம் நான்கையும் அளக்கச் சொல்லுங்கள். உடல்நலம் பற்றிய ஐயமானால் மருத்துவரிடம் ரத்த ஈயப் பரிசோதனை கேளுங்கள். நச்சு நீக்கும் மருந்து என்று விற்கப்படுவதைத் தாமாக வாங்கி உண்ண வேண்டாம். ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். ரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதால், பானத்தை நிறுத்திய பின் மறுபரிசோதனை எப்போது என்பதை மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.